அரிசி டின்னுக்குள் இருந்த தயிர்

பவுனக்கா!

இந்த வாரம் உன்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டே ஆரம்பிக்கிறேன். ஏழு வாரமாக இந்த இதழில் எங்கள் மலாக்கா காஜா பெராங் வீட்டைப் பற்றியும், வாசல் சடக்கில் போகிற வருகிறவர்களைப் பற்றியும் எழுதிவிட்டேன். உன் பேர் வர வேண்டிய இடத்தில் எல்லாம் ‘என் அக்கா’ என்று போட்டுத் தாண்டிப் போனேன். பேரை எழுதினால் நீ திரும்பிப் பார்ப்பாயோ என்று பயம்.

போன வாரம் ஒரே ஒரு வரி எழுதியிருந்தேன். அக்கா தயிரைத் துணியில் கட்டித் தொங்கவிட்டு, வெள்ளரிக்காய் போட்டு ஒன்று செய்வாள் என்று. அதை எப்படிச் செய்வது என்று மூன்று பேர் கடிதம் போட்டிருக்கிறார்கள். சொல்கிறேன். ஆனால் நான் அதைக் கடைசியாகச் செய்த நாளைச் சொல்லாமல், செய்முறையை மட்டும் தனியாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். பிழை இருந்தால் ஆசிரியர் ஐயா திருத்திக்கொள்வார்.

அது பவுனுவின் பதினாறாம் நாள். காலை நேரம். குசினி ஜன்னல் கம்பியில் தயிர் மூட்டை தொங்குகிறது. அடியில் எனாமல் பேசின். ஒரு சொட்டு விழும். அடுத்தது விழுகிறவரை நான் மூச்சு விடமாட்டேன்.

மழை விட்டிருந்தது. ஒரு இலைகூட ஆடவில்லை. ஆனாலும் மூட்டை மெதுவாகச் சுற்றியது. இடது பக்கம் கொஞ்சம் போய் நின்றது. பிறகு வலது பக்கம் கொஞ்சம். எந்தப் பக்கத்தில் இன்னும் தண்ணீர் இருக்கிறது என்று யாரோ திருப்பித் திருப்பிப் பார்ப்பது மாதிரி.

“சரோ, தண்ணி எறங்கிருச்சா?” என்று அம்மாவின் குரல் கேட்டது.

அம்மா அறையில் படுத்திருந்தாள் என்று எனக்குத் தெரியும். குரல் என்னவோ மூட்டைக்குப் பின்னாலிருந்து வந்தது போல இருந்தது.

தூக்குத் தண்டனை

பவுனு என்னைவிட மூன்று வயது மூத்தவள். பச்சரிசியை வாயில் போட்டு மென்றுகொண்டே இருப்பாள். தவளைக்குப் பயப்படுவாள், மனிதருக்குப் பயப்படமாட்டாள். தெங்கேராவைத் தாண்டி, கடலைப் பார்த்த ஒரு பங்களாவில் சமையல் வேலை பார்த்தாள்.

அந்த வீட்டுத் துரை வெள்ளைக்காரர். மேம் வெள்ளைக்காரி இல்லை, கிரீஸ் தேசத்துக்காரி. மற்ற மேம்கள் தயிர்ப் பக்கமே வரமாட்டார்களாம். இவள் சட்டியோடு சாப்பிடுவாளாம். ஆனால் நம் தயிர் தண்ணீராக இருக்கிறது என்று ஒரு துணியில் கொட்டி, முடிச்சுப் போட்டு, குழாயில் மாட்டிவிடுவாளாம். அதில் வெள்ளரிக்காயும் பூண்டும் போட்டு ரொட்டியில் தொட்டுத் தின்பாளாம். அதற்கு அவள் ஊரில் ஒரு பேர் உண்டு. பவுனு ‘சச்சீக்கி’ என்பாள். சரியாகச் சொன்னாளோ என்னவோ.

யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. பாத்திரம் கழுவிக்கொண்டே ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு வந்து, எங்கள் வீட்டில் கட்டித் தொங்கவிட்டாள். முதல் நாள் அதைப் பார்த்த அம்மா நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள்.

“ஐயய்யோ, என்னாடி இது? குசினியில பொணம் தொங்குற மாரி?”

“தயிருதாம்மா. நேத்து புளிச்சிப் போச்சி. அதான் தூக்குத் தண்டன.”

அப்பா ஆற்றோரக் கிட்டங்கியில் மூட்டை சுமக்கிறவர். அதிகம் பேசமாட்டார். அன்றைக்கு அவரே, “அப்பீலு கெடையாதா பாவத்துக்கு?” என்றார்.

“எங்கப்பா அப்பீலு? தொரமாருங்களே மூட்ட கட்டுறாங்க. யாருகிட்டப் போயி நிக்கிறது?”

நாட்டில் கொடி மாறப்போகிற சமயம் அது. ஊரெல்லாம் அதே பேச்சு. கொடி மாறியது. துரையும் மேமும் கப்பலேறினார்கள். போகும்போது மேம் பவுனுவின் கன்னத்தில் முத்தம் கொடுத்தாளாம். “அம்மாடி, என்னா பூண்டு வாசம் லா!” என்று பவுனு மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

கேட்டவர்களுக்காக

பாலைக் காய்ச்சி, விரலை விட்டுப் பத்து எண்ண வேண்டும். பத்து வரை விரல் தாங்கினால் அதுதான் சூடு. ஏழில் சுட்டால் பொறுக்க வேண்டும். உறைமோர் ஒரு கரண்டி விட்டு மூடி வைக்க வேண்டும். பவுனு மோதிர விரலைத்தான் விடுவாள்.

தோய்ந்த தயிரைப் பழைய வேட்டித் துணியில் கொட்டி, மூட்டை கட்டித் தொங்கவிட வேண்டும். விடிந்ததும் கட்டினால் பத்து மணிக்கெல்லாம் பாதியாகச் சுருங்கிவிடும். கையில் எடுத்தால் வழியாது.

வெள்ளரிக்காயின் விதையை வழித்துப் போட்டுவிட்டுத் துருவ வேண்டும். எங்களிடம் துருவி இல்லை. பால் டின் தகரத்தைத் தட்டி நிமிர்த்தி, ஆணியால் துளை போட்டு வைத்திருந்தாள். துருவியதில் உப்புப் போட்டு, தண்ணீர் விட்டதும் பிழிய வேண்டும். லேசாகப் பிழிந்தால் தயிர் நீர்த்துப்போகும். பிழிந்த உருண்டையில் நம் விரல்கள் ஐந்தும் பதிந்திருக்க வேண்டும்.

பூண்டை உப்போடு நசுக்கிச் சேர்க்க வேண்டும். மேம் ஏதோ சோம்பு இலை மாதிரி ஒன்று போடுவாளாம். நாங்கள் புதினா போட்டோம். கொஞ்சம் எலுமிச்சைச் சாறு. தட்டில் வைத்து மேலே மழமழவென்று தடவிவிட்டு, நடுவில் விரலால் ஒரு குழி பண்ணி, அதில் நல்லெண்ணெய் விட வேண்டும். பவுனு அதற்கும் மோதிர விரல்தான். பிறகு அந்த விரலைச் சூப்புவாள். அம்மா திட்டுவாள். அப்பளத்தை ஒடித்து அதில் தோய்த்துத் தின்போம்.

அவ்வளவுதான் செய்முறை.

நான் சொல்லாமல் விட்டது

மழைக்காலம். தீபாவளிக்கு இன்னும் நாள் இருந்தது. பவுனுவுக்கு மூன்று நாளாகக் காய்ச்சல். மூன்றாம் நாள் சாயங்காலம் எழுந்து வந்து பாலில் விரலை விட்டாள். பத்துக்கு மேலும் எண்ணிக்கொண்டே போனாள். அவள் விரலே பாலைவிடச் சூடாக இருந்தது. எனக்கு அப்போது உறைக்கவில்லை.

மழை நாளில் தயிர் தோயாது என்பதால் சட்டியை அரிசி டின்னுக்குள், அரிசியில் பாதி புதைத்து வைப்பாள். அன்று என்னிடம் கொடுத்தாள்.

“இடிக்காம வை சரோ. ஆட்டாத. ஆடுனா தோயாது.”

அதுதான் என்னிடம் பேசிய கடைசிப் பேச்சு. காலையில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். மத்தியானம் திரும்பக் கொண்டுவந்தோம்.

செத்த வீட்டில் வெந்த சோறு இருக்கக்கூடாது. குடத்துத் தண்ணீர், பால், தயிர் எதுவும் இருக்கக்கூடாது. எங்கள் வரிசை வீட்டுப் பெண்கள் வந்து எல்லாவற்றையும் சாக்கடையில் கொட்டிப் பாத்திரங்களைக் கவிழ்த்தார்கள். வாய்க்கரிசிக்குக்கூடப் பக்கத்து வீட்டு அரிசிதான் வந்தது. ஒருத்தி என்னிடம், “வேற எதுனா இருக்காடி?” என்று கேட்டாள்.

“இல்லக்கா” என்றேன்.

தெரிந்துதான் சொன்னேன். கூடத்தில் அவள் குளிர்ந்துகொண்டிருந்தாள். டின்னுக்குள் அவள் விட்ட தயிர் இளஞ்சூட்டோடு தோய்ந்துகொண்டிருந்தது. அவள் ஆரம்பித்த வேலை ஒன்று இன்னும் முடியாமல் நடந்துகொண்டிருக்கும்போது, அதை எப்படிச் சாக்கடையில் கொட்டுவது?

விரல் குழி

மூன்றாம் நாள் அப்பா பால் தெளிக்கப் போயிருந்தார். உலை வைக்க அம்மா டின்னுக்குள் கை விட்டாள். கை விட்டபடியே நின்றுவிட்டாள். சட்டியை வெளியே எடுத்து மூடியைத் திறந்தாள்.

மூன்று நாள் தயிர். மலாக்காப் புழுக்கத்தில் பொங்கி நாறியிருக்க வேண்டும். வெள்ளையாய், கெட்டியாய் இருந்தது. எங்கள் அரிசி டின்னில் எப்போதும் எறும்பு ஊரும். அதில் ஒரு எறும்பு இல்லை. தயிர் ஏட்டின் நடுவில் ஒரு விரல் நுழைகிற அளவுக்கு ஒரு குழி.

அம்மா வழித்து வாயில் வைத்தாள். “இனிக்குதுடி” என்றாள். அன்றிலிருந்து அம்மாவின் சாப்பாடு அந்தத் தயிர்தான். வேறெதையும் தொடவில்லை. சாயங்காலம் பால் காய்ச்சி, பழைய தயிரில் ஒரு கரண்டி எடுத்துப் புதுசைத் தோய்ப்பாள். காலையில் மூடியைத் திறப்பாள். நடுவில் குழி இருக்கும். ஒரு நாள்கூட இல்லாமல் போகவில்லை.

“பல்லி விழுந்திருக்கும்” என்றார் அப்பா.

“மூடி மேல கல்லு வெச்சிருக்கு. கல்லத் தூக்குற பல்லியா?”

“ஆவி பட்டு எறங்கியிருக்கும்.”

“என் புள்ள வெரல எனக்குத் தெரியாதா?”

அப்பா எழுந்து வெளியே போய்விட்டார். போகும்போது குசினி வாசலைச் சுற்றிக்கொண்டு போனார். யாரோ நடுவில் உட்கார்ந்திருந்தால் சுற்றிக்கொண்டு போவோமே, அப்படி. ஒரு வாரத்தில் நாங்கள் எல்லோருமே அப்படித்தான் நடந்தோம். யாரும் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை.

அம்மா இளைத்துக்கொண்டே போனாள். தீட்டு என்பதால் ஜாலான் துக்காங் எமாஸ் தெருப் பிள்ளையாரிடம் போய் அழவும் முடியாது. வீட்டுக்குள்ளேயே இருந்தாள். குசினியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

பிபிக் வந்தார்

எங்கள் எதிர் வீட்டு அம்மாள் செட்டிக் கம்பத்தைச் சேர்ந்தவர். அந்தக் கிராமத்துக்காரர்களின் சாமி நம் சாமிதான். பேச்சு மட்டும் மலாய். நாங்கள் அவரைப் பிபிக் என்று கூப்பிடுவோம், அத்தை என்கிற மாதிரி. போகிக்கு அவர்கள் வீட்டில் செத்தவர்களுக்குப் படைப்பதை நான் பார்த்திருக்கிறேன். எல்லாம் வைத்துவிட்டுக் கதவைச் சாத்தி வெளியே வந்துவிடுவார்கள். திறப்பதற்கு முன்னால் தட்டுவார்கள். சாப்பிடுகிறவர்கள் எழுந்து போக நேரம் கொடுக்க வேண்டுமாம்.

பதின்மூன்றாம் நாள் பிபிக் வெள்ளரிக்காய் கொண்டுவந்தார். சட்டியைத் திறந்து பார்த்தார். உடனே மூடினார்.

“தாங்ஙான் டியா” என்றார். அவள் கை என்று அர்த்தம். மற்றதையும் அவர் மலாயில்தான் சொன்னார். நான் எனக்கு வருகிற தமிழில் எழுதுகிறேன்.

“இதக் கொட்டலியா நீங்க?”

“ஏன் கொட்டணும்? எம்புள்ள எங்கிட்டத்தான் இருக்கா. ஒனக்கு என்னா?” என்றாள் அம்மா.

“ஒங்கிட்ட இல்ல. சட்டிக்குள்ள இருக்கா. கால நீட்டக்கூட எடமில்ல, பாவம். நீ தெனமும் ஒரு கரண்டி எடுத்து வெக்கிற. அவ தெனமும் திரும்பி வர வேண்டியிருக்கு.”

அம்மா பிபிக்கை அடிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்து, “கால நீட்டிப் படுக்கிறவளாச்சே” என்றாள். அதையே சொல்லிச் சொல்லி அழுதாள்.

பதினாறாம் நாளுக்குப் பிபிக் ஒரு வழி சொன்னார். பவுனுவுக்குப் பிடித்த அந்த வெள்ளரிக்காய்த் தயிரையே படையலில் வைப்பது. சட்டியில் இருக்கிற தயிர் முழுவதையும் அதற்கே கட்டிவிடுவது. உறைமோருக்கு என்று எதுவும் எடுக்கக்கூடாது. வந்து சாப்பிட்டுவிட்டுப் போய்விடுவாள். திரும்பி வருவதற்கு வீட்டில் எதுவும் இருக்காது.

போகும்போது பிபிக் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “மேல மழமழன்னு தடவி வை. நடுவுல குழி நீ பண்ணாத. எண்ணெயப் பக்கத்துல கிண்ணத்துல வெச்சிரு. குழிய அவளே பண்ணட்டும். வந்துட்டுப் போனாளான்னு நமக்குத் தெரிஞ்சிரும். அம்மாகிட்டச் சொல்லாத.”

பிறகு என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். “சாத்து செண்டோக் புன் ஜாங்ஙான்.” ஒரு கரண்டிகூட வேண்டாம்.

கதவைத் தட்டினோம்

அப்படித்தான் அந்த மூட்டை கம்பியில் தொங்கியது. அம்மாவே சட்டியைக் கொண்டுவந்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு என் கையில் கொடுத்திருந்தாள்.

சொட்டு நின்றது. மூட்டையை இறக்கினேன். கனமாக, குளிர்ச்சியாக இருந்தது. காய்ச்சல் விட்ட பிள்ளையைத் தூக்குவது போல இருந்தது. அவிழ்த்துச் சட்டியில் போட்டேன். வெள்ளரிக்காயை அவளுடைய தகரத்திலேயே துருவினேன். என் பலம் முழுவதும் போட்டுப் பிழிந்தேன். பூண்டு, புதினா, எலுமிச்சை எல்லாம் சேர்த்தேன்.

துணியின் மடிப்புகளில் கொஞ்சம் தயிர் ஒட்டிக்கொண்டிருந்தது. எப்போதும் ஒட்டும். அவள் எப்போதும் அதைக் கரண்டியால் வழித்துச் சட்டியில் சேர்ப்பாள். நானும் வழித்தேன். ஒரு கரண்டி வந்தது.

அந்தக் கரண்டியைச் சட்டிக்கு மேலே பிடித்துக்கொண்டு நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிறகு அதை ஒரு தகரக் குவளையில் போட்டு, கொஞ்சம் பால் ஊற்றி, அரிசி டின்னுக்குள் புதைத்து வைத்தேன்.

இடிக்காமல் வைத்தேன். ஆட்டவில்லை.

மத்தியானம் இலை போட்டோம். சோறு, சாம்பார், வடை, நெத்திலிப் பொரியல், அப்பளம். நடுவில் அந்தத் தட்டு. மேலே மழமழவென்று தடவியிருந்தேன், கண்ணாடி மாதிரி. பக்கத்தில் எண்ணெய்க் கிண்ணம். கதவைச் சாத்திவிட்டு, வெளியே தகரக் கூரையடியில் பிபிக்கும் சேர்த்து நால்வரும் உட்கார்ந்தோம்.

உள்ளே சொட்டுச் சத்தம் கேட்டது.

மூட்டை இல்லை. துணியை அலசிக் கொடியில் போட்டாகிவிட்டது. பேசினைக் கவிழ்த்தாகிவிட்டது. நான் அப்பாவைப் பார்த்தேன். அவருக்கும் கேட்டிருக்கிறது.

“மழத்தண்ணி” என்றார்.

தகரம் வெயிலில் காய்ந்து கிடந்தது.

பிபிக் எழுந்து கதவை மூன்று தடவை தட்டினார். கொஞ்சம் பொறுத்துத் திறந்தார். அம்மாதான் முதலில் உள்ளே போனாள். இலையைத் தொட்டுப் பார்த்தாள்.

“எல வாடியிருக்கு பாருங்க. வந்துட்டா. சாப்பிட்டுப் போயிட்டா எம்புள்ள.”

தட்டை நானும் பிபிக்கும் பார்த்தோம். கண்ணாடி மாதிரியே இருந்தது. ஒரு நகம்கூடப் படவில்லை.

பிபிக் என் காதருகில் குனிந்தார். “எல்லாத்தையும் போட்டியா?”

“போட்டேன்” என்றேன்.

என்னை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு தானே விரலால் நடுவில் ஒரு குழி பண்ணி, எண்ணெயை விட்டு, தட்டை அம்மா முன்னால் வைத்தார். அம்மா பதின்மூன்று நாளைக்கப்புறம் சோற்றில் சாம்பார் ஊற்றிச் சாப்பிட்டாள். மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டாள். அப்பா தயிர்ச் சட்டியைக் கழுவி வேலிக் கம்பில் கவிழ்த்தார். அன்று மாலை அவர் குசினி வாசலில் நேராக நடந்து போனார்.

மறுநாள் காலை நான் மட்டும் எழுந்து அரிசி டின்னைத் திறந்தேன். குவளையின் வாயே உள்ளங்கை அகலம்தான். தயிர் தோய்ந்திருந்தது. நடுவில் குழி.

உங்களுக்கு மட்டும் தெரிந்தது

தைப்பூசமும் வந்து போய்விட்டது. அம்மா தேறிவிட்டாள். வீட்டுத் தயிருக்குப் பால்காரரிடம் வாங்கிய புது உறைமோர்தான். அது எல்லார் வீட்டுத் தயிரையும் போலப் புளிக்கிறது. எறும்பு ஏறுகிறது. சமையல் இப்போது என் வேலை என்பதால் அரிசி டின்னை வேறு யாரும் திறப்பதில்லை.

தினமும் ஒரு கரண்டி எடுத்து வைக்கிறேன். தினமும் குழி இருக்கிறது. முன்பு சட்டியில் இருந்தாள். இப்போது உள்ளங்கை அகலக் குவளையில் இருக்கிறாள். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவர்கள் நானும் பவுனுவும்தான். பிபிக்குக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது. அதனால்தான் உங்களிடம் எழுதுகிறேன்.

சில நாளாகக் குழி சிறுத்துக்கொண்டு வருகிறது. அது அவள் விரல் இல்லை. ஏதோ குழந்தை விரல் மாதிரி இருக்கிறது. அவள் என் மேல் கோபப்பட்டிருந்தால்கூட நான் தாங்கிக்கொள்வேன். கோபத்தைக் காட்டவே இல்லை. கூப்பிட்டதும் வந்துவிடுகிறாள். எனக்கு அதுதான் தாங்கவில்லை.

இந்த இதழ் உங்கள் கைக்கு வருகிற ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், குவளையை எடுத்துக்கொண்டு தெங்கேராக் கடலுக்குப் போகிறேன். இரண்டு தடவை போய்த் திரும்பி வந்துவிட்டேன். கவிழ்க்கக் கை வரவில்லை. இந்தத் தடவையாவது வர வேண்டும்.

நீங்கள் எந்தச் சாமியைக் கும்பிடுகிறவர்களாக இருந்தாலும் சரி. கோயிலிலோ பள்ளிவாசலிலோ மாதாகோயிலிலோ, ஒன்றுமே இல்லாதவர்கள் வீட்டு வாசலில் நின்றோ, அன்று மத்தியானம் ஒரு நிமிஷம் பவுனு என்று பேர் சொல்லுங்கள். என் அக்கா காலை நீட்டிப் படுக்க வேண்டும் என்று அவளுக்காக எல்லோரும் வேண்டிக்கொள்ளுங்கள்.